சமையல்காரர் என்று எழுதாத மனு

என் மகன் எந்த நாட்டு ராணுவத்திலும் இருந்ததில்லை. அவன் சமையல்காரன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எழுத வேண்டிய இடத்தில் ஒருமுறை எழுதாமல் விட்டேன். அதனால் அவன் வெளிநாட்டுச் சிறையில் இருக்க வேண்டியதைவிடப் பல மாதங்கள் கூடுதலாக இருந்தான்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. தபால் வழியில் வரலாறு படித்தவள். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் எழுத்தராக இருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு சட்டத்தைப் பற்றி இன்றைக்கு எந்த வக்கீலோடும் உட்கார்ந்து பேசுவேன். வெளிநாட்டில் தண்டனை பெற்ற இந்தியர், மீதித் தண்டனையைச் சொந்த நாட்டுச் சிறையில் கழிக்கலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதற்கு அந்த நாட்டோடு நமக்கு ஒப்பந்தம் இருக்க வேண்டும். மேல்முறையீடு எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. மரண தண்டனையாக இருக்கக் கூடாது. கைதி தானாகச் சம்மதிக்க வேண்டும். இரண்டு அரசுகளும் சம்மதிக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரு கதவு மட்டும் திறக்காது. ராணுவச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டவரை மாற்ற முடியாது. ராணுவத்தான் விஷயத்தில் அந்தந்த நாடு விட்டுக்கொடுக்காது.

அந்தக் கதவை என் மகனுக்கு முன்னால் சாத்தியது எந்த அதிகாரியும் இல்லை. நான்தான்.

அவன் கேட்டரிங் படித்தவன். வளைகுடா நாடு ஒன்றில், ராணுவ முகாமுக்குச் சாப்பாடு சமைத்துத் தரும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முகாமுக்குள்ளேயே தங்கல். விடியற்காலையில் ரொட்டி, மத்தியானம் அரிசிச் சோறும் கறியும். சேர்ந்த முதல் மாதம் ஒரு போட்டோ அனுப்பினான். நெஞ்சுவரை ஏறிய வெள்ளை ஏப்ரன், தலையில் வலைத் தொப்பி, கையில் மண்வெட்டி நீளத்துக்கு ஒரு கரண்டி. பின்னால் ஆள் இறங்கிக் குளிக்கலாம் போல ஒரு அண்டா. நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் போட்டோவை நான் யாருக்கும் காட்டவில்லை.

எங்கள் பக்கத்தில் மிலிட்டரிக்காரர் என்றால் ஒரு தனி மரியாதை உண்டு. பஸ்ஸில் இடம் கிடைக்கும், பஞ்சாயத்தில் பேச்சு நிற்கும், பெண் கேட்டுப் போனால் காப்பிக்கு முந்தியே சம்மதம் வந்துவிடும். சமையல்காரனுக்குப் பெண் கேட்டுப் போனால், "கல்யாணச் சமையலுக்குப் போவாரா?" என்று கேட்பார்கள். பையன் எங்கே இருக்கிறான் என்று சொசைட்டியில் யாரோ கேட்டபோது, "மிலிட்டரி கேம்ப்ல" என்றேன். பொய் இல்லை. அடுத்த வாரம் இன்னொருவர், "பையன் மிலிட்டரியாமே?" என்று கேட்டபோது நான் பால் அளவைக் குறித்துக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். அதுதான் தொடக்கம்.

புது வீடு கட்டி முடித்துப் புதுமனை புகுவிழா வைத்தோம். எங்கள் ஊரில் விழா என்றால் பத்திரிகையைவிட பிளெக்ஸ் முக்கியம். காரிமங்கலம் ரோட்டில், பஸ் நிற்கும் இடத்தில் கட்ட வேண்டும். அதில் பிள்ளைகளின் படம் இருக்க வேண்டும், படத்துக்குக் கீழே வேலை இருக்க வேண்டும். நான் அவனுக்குப் போன் செய்தேன்.

"மிலிட்டரி வண்டி பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு கண்ணு."

"இங்க போட்டோ எடுக்கக் கூடாதும்மா. போர்டே வெச்சிருக்கான்."

"ஒண்ணே ஒண்ணு. உனக்குப் பாக்கற பொண்ணு வூட்டுக்காரங்க வேற வர்றாங்க."

"அந்தக் கரண்டி போட்டோவப் போடேன். நல்லாத்தானே இருக்கு."

"கரண்டியோட நின்னா ரோட்டுல போறவன் ஓட்டல் தொறக்கறாங்கன்னு உள்ள வந்துருவான்டா."

சிரித்தான். பத்து நாள் கழித்து படம் வந்தது. மணல் நிறத்தில் பெரிய வண்டி, அதன் சக்கரம் அவன் தோள் உயரம். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, அவசரம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர், "வாட்ஸப்ல வந்தது தேறாதுங்க, பெருசு பண்ணா முகம் கலங்கிரும். ஒரிஜினலை டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க" என்றார். அவன் அதற்குள் படத்தை அழித்துவிட்டிருந்தான். மறுபடி எடுக்கச் சொன்னேன். எடுத்தான். தெளிவாக இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், விழா முடியும்வரை அழிக்காதே என்றும் சொன்னேன். அழிக்காமல் வைத்திருந்தான்.

பிளெக்ஸ் நன்றாக வந்தது. அவன் பெயருக்கு முன்னால் 'மிலிட்டரி' என்று சிவப்பு எழுத்து. விழாவுக்கு வந்தவர்கள் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரமே முகாம் வாசலில் போன்களைச் சோதித்திருக்கிறார்கள்.

செய்தி சொன்னது அவனோடு தங்கியிருந்த ஆந்திராக்காரர். அவருக்குத் தமிழ் வராது. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள், எனக்குக் கேட்டால் புரியும். அன்றைக்குப் புரியாமல் இருந்திருக்கலாம். பையனை ராணுவக் காவலில் வைத்திருக்கிறார்கள், போனில் ஏதோ போட்டோ இருந்ததாம், போனை எடுத்துக்கொண்டார்கள் என்றார். என் கணவர் அப்போது கேழ்வரகுக் கொல்லையில் இருந்தார். நான் நடந்து போய்ச் சொன்னேன். அவர் கையில் இருந்த களையைக் கீழே போடாமலே கேட்டார். "எந்தப் போட்டோ?" என்றார். பிளெக்ஸை அன்று சாயங்காலமே போய் அவிழ்த்துக்கொண்டு வந்தார். இப்போது அது மாட்டுக் கொட்டகைக்கு மழைத் தடுப்பாக, படம் உள்பக்கமாகக் கிடக்கிறது.

மூன்று மாதத்தில் ஐந்து வருஷத் தண்டனை என்று தெரிந்தது. தூதரகத்திலிருந்து ஒருவர் பேசினார். மேல்முறையீடு செய்வதைவிட, இந்தியச் சிறைக்கு மாற்றக் கேட்பது நல்லது, குடும்பத்தார் ஊரிலிருந்தும் விண்ணப்பம் கொடுங்கள் என்றார். அந்தச் சட்டத்தைப் பற்றி அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன்.

மனு எழுதுவது எனக்குப் புதிது இல்லை. ஊரில் முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் நான்தான் எழுதுவேன். என் மனு திரும்பி வராது என்று ஒரு பேர் இருந்தது. அதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். மனுவில் கனம் ஏற்ற வேண்டும். இரண்டு ஆடு வைத்திருப்பவரை வாழ்வாதாரம் அற்றவர் என்று எழுதுவேன். மகன் வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் அம்மாவை ஆதரவற்றவர் என்று எழுதுவேன். கேட்பவர்களும், "கொஞ்சம் கனமா எழுதுங்கக்கா" என்றுதான் கேட்பார்கள். எழுதுகிறவர், வாங்குகிறவர், கொடுக்கிறவர் எல்லோருக்கும் தெரிந்த கனம் அது. எல்லோரும் அதைக் கழித்துவிட்டுத்தான் படிப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை தர்மபுரி கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் நாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். படைவீரர் குடும்பத்து மனு என்றால் மேலே போகும் வேகம் வேறு என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாதாரணக் கைதியின் அம்மா என்று எழுதினால் ஆயிரத்தில் ஒன்றாகக் கிடக்கும். யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. 'வெளிநாட்டு ராணுவத்தில் பணியாற்றிவந்த என் மகன்' என்று பேனா தானாகவே எழுதியது. ஆங்கிலத்திலும் ஒரு பிரதி தயார் செய்தேன். அதிலும் அப்படியே. பிளெக்ஸுக்கு எடுத்த படத்தையே இணைத்தேன்.

என் கணவர் படித்துப் பார்த்தார். "அவன் சோறாக்கத்தானே போனான்?" என்றார்.

"மனுவுல அப்பிடியேவா எழுதுவாங்க?"

"எனக்கென்னம்மே தெரியும். நீதான எழுதறவ."

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான பதில். மனுதாரரின் மகன் அந்நாட்டு ராணுவப் பணியில் இருந்தவர், ராணுவக் காவலில் உள்ளவர் என்று மனுவிலிருந்து தெரிகிறது. ராணுவச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றவர்களுக்கு ஒப்பந்தம் பொருந்தாது. ஆகவே மாற்றத்தைப் பரிசீலிக்க இயலவில்லை. இவ்வளவுதான். நான் அதை நின்றபடி படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். எப்படிப் படித்தாலும் அதில் என் வாக்கியம்தான் இருந்தது.

அன்று முதல் பால் நோட்டில் எண் எழுதினாலும் இரண்டுமுறை சரிபார்க்கிறேன். இதை எழுதும்போதும் ஒரு பக்கத்தை இரண்டுமுறை எழுத வேண்டியிருந்தது.

எங்கள் தெருவில் ஒரு மிலிட்டரிக்காரர் இருக்கிறார். நிஜ மிலிட்டரிக்காரர், அவில்தாராக ஓய்வு பெற்றவர், என் கணவருக்குத் தம்பி முறை. பிளெக்ஸ் கட்டிய நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கடிதத்தை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணி. நம்ம பையன் எந்த ரெஜிமெண்டுங்க?"

கடிதத்தை நீட்டினேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். கேலி முகம் போய்விட்டது.

"சம்பளம் ஆரு குடுத்தாங்க? கவர்மெண்டா, கம்பெனியா?"

"கம்பெனிதாங்க."

"யூனிபார்ம்?"

"ஏப்ரன்."

"துப்பாக்கி புடிச்சானா?"

"கரண்டிதாங்க புடிச்சான்."

சிரிக்கப் போனவர் அடக்கிக்கொண்டார். "அப்ப அவன் சிவிலியன் அண்ணி. எங்க கேம்புல கூட முடிவெட்டறவரு, துணி தொவைக்கறவரு எல்லாம் உள்ளதான் இருப்பாங்க. உள்ள இருந்தா சிப்பாய் ஆயிருவாங்களா? புடிச்சது மிலிட்டரிதான். ஆனா எந்தச் சட்டத்துல தண்டனை குடுத்தாங்கங்கறதுதான் கேள்வி. மூடின எடத்துல போட்டோ எடுத்தா வெளியாளையும் தண்டிப்பாங்க, அதுக்கு ஊருக்கெல்லாம் பொதுவான சட்டம் இருக்கும். அந்தத் தீர்ப்புல என்ன எழுதியிருக்கு?"

தீர்ப்பு எங்களிடம் இருந்தது. தூதரகம் மின்னஞ்சலில் அனுப்பிய எட்டுப் பக்கம். அரபியில். அதை அச்செடுத்து மனுவோடு வைத்து அனுப்பியிருந்தேன், அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கட்டுக்குள் எல்லோராலும் வாசிக்க முடிந்த காகிதம் ஒன்றே ஒன்றுதான். நான் எழுதிய மனு. அதைத்தான் எல்லோரும் வாசித்திருக்கிறார்கள். அதை நம்பியும் இருக்கிறார்கள்.

"உங்க எழுத்துதாங்க அண்ணி அவனுக்கு எதிரா சாட்சி சொல்லியிருக்கு" என்றார் அவில்தார். குத்திக்காட்டவில்லை. இருந்ததைச் சொன்னார்.

தர்மபுரியில் அரபி சொல்லிக்கொடுக்கும் ஒரு பெரியவரைப் பற்றி சொசைட்டிக்குத் தீவனம் கொண்டுவரும் டிரைவர் சொன்னார். அவரை எல்லோரும் ஹஜ்ரத் என்பார்கள். போன அன்று அவர் பாடம் முடித்து வரும்வரை காத்திருந்தோம். எட்டுப் பக்கத்தையும் மேசையில் பரப்பி, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, கோர்ட் பாஷை எனக்குப் பழக்கம் இல்லைங்கம்மா, மெதுவாகத்தான் வரும் என்றார். என் கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் ஹஜ்ரத்தின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வலமிருந்து இடமாகப் போய், நின்று, மறுபடி போகும். மூன்றாம் பக்கத்தில் நின்றது. நகரவில்லை.

"இந்த எடத்துல உங்க பையனை மதனின்னு போட்டிருக்காங்கம்மா."

"அப்பிடின்னா?"

"படைக்காரன் இல்லாதவன். சிவிலியன். உணவுக் கம்பெனித் தொழிலாளி, மதனி. ரெண்டு எடத்துல வருது. இதோ, சட்டத்தோட பேரு. இது ராணுவச் சட்டம் இல்லீங்க. நாட்டுப் பாதுகாப்பு இடங்களைப் பத்தின பொதுச் சட்டம்."

எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். "நான் எழுதினா ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க. சென்னையில முத்திரை வெச்சுத் தர்றவங்க இருக்காங்க, அங்க குடுங்க. பாயிட்ட கேட்டோம்னு எழுதாதீங்க" என்று சிரித்தார். நாங்கள் எழுந்தபோது, "பையன் என்னம்மா சமைப்பான்?" என்று கேட்டார். ஐந்நூறு பேருக்கு மந்தி என்கிற அரபுக் கறிச்சோறு செய்வான் என்றேன். அவன் சமைப்பதைப் பற்றி ஒரு வெளியாளிடம் நான் பெருமையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது மனுவை மூன்று நாள் எழுதினேன். அதில் கனமான சொல் ஒன்றுகூட இல்லை. என் மகன் ஒரு தனியார் கம்பெனியின் சமையல்காரர். ராணுவ வீரர் அல்ல. இணைப்பு: வேலை ஒப்பந்தம், முகாம் நுழைவுச் சீட்டின் படம், தீர்ப்பின் மொழிபெயர்ப்பு, அவன் ஏப்ரனோடும் கரண்டியோடும் நிற்கும் போட்டோ. ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு மெலிந்த மனுவை என் வாழ்நாளில் எழுதியதில்லை.

கலெக்டர் அலுவலகத்தில் ஒரு இளம்பெண் இரண்டு மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல ராணுவம்னு இருக்கு. இதுல சமையல்னு இருக்கு. எதுங்கம்மா நெஜம்?"

"இதுங்க."

"அப்ப அது?"

"அது நான் எழுதினதுங்க."

"இதுவும் நீங்க எழுதினதுதானே?"

அவர் நல்ல பெண். முதல் மனுவில் எழுதியது தவறு என்று பிரமாண வாக்குமூலம் ஒன்று நோட்டரியிடம் போட்டு வாங்கி இணையுங்கள், இல்லையென்றால் மேலே இதே கேள்வி வரும் என்று சொல்லிக்கொடுத்தார். போட்டோம். 'எனது மகன் ராணுவத்தில் பணியாற்றியதாக நான் தெரிவித்தது உண்மைக்குப் புறம்பானது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து போட்டேன்.

அடுத்தது அவன் சம்மதம். அதில் சிக்கல் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் பேச விடுவார்கள். சந்தோஷமாகச் சொன்னேன்.

"அங்க ஒரு பேப்பர் குடுப்பாங்க கண்ணு. கையெழுத்துப் போட்டுடு. சேலம் ஜெயிலுக்கே வந்துரலாம்."

"வேண்டாம்மா. இங்கயே முடிச்சிட்டு வந்தர்றேன்."

"என்னடா சொல்ற?"

"சேலம்னா ஊரே வந்து கம்பி வழியா பாக்கும். இங்கன்னா நீ மிலிட்டரின்னு சொல்லிக்கலாம். லீவு கெடைக்கலன்னு சொல்லிக்கலாம். இன்னும் நாலு வருஷம்தானே."

அவன் என்மேல் கோபத்தில் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொன்னான். எனக்கு எது முக்கியம் என்று அவன் நினைத்திருக்கிறான் என்பது அப்போது தெரிந்தது. என் கணவர் போனை வாங்கி, "தம்பி, உங்கம்மா சொல்லிருவா. நீ கையெழுத்துப் போடு" என்றார். என்ன சொல்லுவேன் என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. "சொல்லட்டும், அப்பறம் போடறேன்" என்றான் அவன். பத்து நிமிஷம் முடிந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு சொசைட்டியைத் திறந்தேன். பால் ஊற்ற வருகிறவர்கள் கேனோடு வரிசையில் நின்றார்கள். அவில்தார் வீட்டிலும் மாடு உண்டு, அவரும் நின்றார். முதல் கேனை வாங்கவில்லை. எழுந்து நின்றேன்.

"ஒரு சேதி சொல்லணுங்க. எம் பையன் மிலிட்டரி இல்லீங்க. சமையல்காரன். போட்டோ எடுத்ததுக்காக ஜெயில்ல இருக்கான். அந்தப் போட்டோவ நான்தான் எடுக்கச் சொன்னேன்."

மாட்டுக்குத் தீவனம் கேட்டு வந்திருந்த ஒரு அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"தெரியுங்க்கா."

"எப்பிடித் தெரியும்?"

"அதான் உங்க வூட்டுக்காரரு பிளெக்ஸ அவுத்துக்கிட்டு போனாரே, அன்னிக்கே தெரியும். கெட்ட சேதி இல்லாம புது பிளெக்ஸ ஆரு அவுப்பாங்க? என்னன்னு ரெண்டு நாள்ல தெரிஞ்சுபோச்சு. பால அளங்க, வண்டி வந்துரும்."

பின்னால் இருந்து ஒருவர், "பையன் வந்ததும் நம்ம கோயில் பொங்கலுக்குச் சமைக்கச் சொல்லுங்க. போன வருஷம் ஆக்கினவன் உப்பையே போடல" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒன்றரை வருஷமாக நான் கட்டிக் காத்தது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. எல்லோரும் எனக்குத் தெரியாமல் எனக்காக நடித்திருக்கிறார்கள். அவில்தார் மட்டும் கேனை நீட்டியபடி, "இன்னிக்கி கொழுப்பு நல்லா இருக்குங்களா அண்ணி?" என்று கேட்டார். அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தார்.

அடுத்த போனில் அவனிடம் சொன்னேன். கேலியாகத்தான் கேட்டான். "அழுதியா?" இல்லை என்றேன். "உப்புப் போடாதவன் ஆரு?" என்று கேட்டான். பெயரைச் சொன்னேன். "அவனுக்கு ரசமே வராதும்மா" என்றான். பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அதற்குப் பிறகும் பத்து மாதம் ஆயிற்று. அந்த நாடு சம்மதிக்க வேண்டும், நம் நாடு சம்மதிக்க வேண்டும், எந்தச் சிறை என்று முடிவாக வேண்டும், அழைத்துவரக் காவலர்கள் போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காகிதம் வரும். ஒவ்வொன்றிலும் முதலில் நான் தேடுவது ஒரே சொல்லைத்தான். சிவிலியன் என்று இருக்கிறதா. இருந்தது. ஒருமுறைகூட மாறவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மீதியைப் படிப்பேன். இரண்டாவது மனுவுக்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. பயம் இருந்தது. இரண்டும் வேறுவேறு.

இப்போது ஆறு மாதமாக அவன் சேலத்தில் இருக்கிறான். மொரப்பூரில் ரயில் ஏறினால் சேலம் வெகு தூரம் இல்லை. முதல் தடவை போனபோது வெளியே பார்வையாளர் சீட்டு எழுதும் இடத்தில் கூட்டம். எனக்கு முன்னால் ஒரு அம்மா, எழுதத் தெரியாதவர், என் பேனாவைப் பார்த்துவிட்டுச் சீட்டை நீட்டினார். எழுதிக்கொடுத்தேன். அவர் கையில் இன்னொரு காகிதமும் இருந்தது. மகனுக்குப் பரோல் கேட்டு மனு.

"எனக்கு ஒடம்பு முடியலன்னு எழுதும்மா. கொஞ்சம் கனமா எழுது."

"என்னங்க ஒடம்புக்கு?"

"மூட்டு வலி."

"மூட்டு வலின்னே எழுதறேங்க."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். எழுதத் தெரியாதவளிடம் கொடுத்துவிட்டோமோ என்ற பார்வை. மருத்துவரின் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது. அதை இணைக்கச் சொல்லி, மூட்டு வலி என்றே எழுதினேன்.

உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வந்து உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கும் மேலாக நான் மனதில் எழுதி வைத்திருந்தது ஒன்று உண்டு. அதைச் சொன்னேன். கனம் ஏற்றாமல் சொன்னேன்.

"அந்தப் போட்டோ நான் கேக்காம இருந்திருந்தா நீ இங்க இருக்க மாட்ட."

அவன் என் முகத்தைப் பார்த்தான். என் பக்கத்தில் அவன் அப்பா நின்றிருந்தார்.

"ரெண்டாந்தடவ எடுத்தப்பவே வேண்டாம்னு தோணுச்சும்மா. முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல." பிறகு, "அந்த பிளெக்ஸ் எங்க?" என்றான்.

"கொட்டாயில கட்டியிருக்கேன். மாடு நனையாம இருக்குது" என்றார் அவன் அப்பா.

"மிலிட்டரி மாடு" என்றான். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாங்கள் மூன்று பேரும் வேறுவேறு பக்கம் பார்த்தோம்.

இன்னும் இரண்டரை வருஷம் இருக்கிறது. நன்னடத்தைக்கு நாள் குறைப்பார்கள், எத்தனை என்று எனக்குத் தெரியும், ஆனால் இங்கே எழுத மாட்டேன். கிடைத்த பிறகு எழுதுவேன். போன வாரம் போனபோது அவனைச் சமையல் கொட்டகையில் போட்டிருந்தார்கள். களி கிண்டும் துடுப்பு கைப்பிடி ஆடுகிறது, களி கட்டி கட்டியாக வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டான். மேலே சொன்னானாம், எழுதிக் கொடு என்றார்களாம்.

"எப்பிடி எழுதறதும்மா?"

"துடுப்பு ஆடுது, மாத்திக் குடுங்கன்னு எழுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கீழ கையெழுத்துப் போட்டு, சமையல்காரர்னு எழுது."